இயோசின்நாடி: சொல் விளக்கம்

மட்டக்களப்பில் இரத்தப் பரிசோதனை அறிக்கையை வாங்கிப் பார்ப்போர் பலர், ‘இயோசினோபில்’ என்ற வரியில் எண் கூடியிருந்தால் அதுவே ஒரு நோயின் பெயரென்று அஞ்சுகின்றனர். அது நோயன்று, வெண்குழிய வகைகளுள் ஒன்று. தமிழில் அதற்குரிய சொல் இயோசின்நாடி.

கிரேக்க மொழியில் ‘இயோஸ்’ என்பது விடியலையும் அதன் தேவதையையும் குறிக்கும். இளஞ்சிவப்புச் செயற்கைச் சாயமொன்று அப்பெயரால் இயோசின் எனப்பட்டது. வாவியின் இரு புறத்தையும் எழுவான்கரை, படுவான்கரை என ஞாயிற்றைக் கொண்டே பெயரிட்டு வழங்கும் நமக்கு இவ்வழக்கம் புதிதன்று. ‘பில்’ என்ற ஈறு விரும்புதலைச் சுட்டும். 1879இல் ஜெர்மானிய மருத்துவர் போல் ஏர்லிக், இச்சாயத்தை ஆவலோடு ஏற்றுச் சிவக்கும் சிறுமணிகளைக் கொண்ட கலங்களை இனங்கண்டு இப்பெயரை இட்டார்.

சிலர் ‘அமிலநாடி’ என்றும் எழுதுகின்றனர். இயோசின் ஓர் அமிலச் சாயம் என்பதால் அது பிழையன்று. எனினும் கலத்துக்குள் அமிலம் இருப்பதாக மாணவர் மயங்க அது இடமளிக்கிறது. உண்மையில் சிறுமணிகளில் நிறைந்துள்ள புரதங்கள் வலிய மூல இயல்பு, அதாவது அமிலத்துக்கு எதிரான கார இயல்பு, உடையவை. அதனாலேயே அமிலச் சாயத்தை அவை ஈர்க்கின்றன. ஆகவே இயோசின்நாடி என்பதே தெளிவான சொல். ‘நாடி’ இங்கே நாடித்துடிப்பன்று, நாடுவது என்னும் பொருளது. மூலச் சாயத்தை நாடும் மற்றொரு வெண்குழியமான ‘பேசோபில்’ மூலநாடி எனப்படுவதிலும் அவ்வாறே.

இக்கலம் என்பு மச்சையிலுள்ள குருத்துக்கலங்களிலிருந்து, முதன்மையாக இன்டர்லூக்கின்-5 என்னும் புரதத்தின் தூண்டுதலால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் முதிர்கிறது. குருதியில் அது ஒரு நாளுக்கும் குறைவாகவே சுற்றும். பின்னர் இழையங்களை, சிறப்பாகக் குடற்சுவரை, அடைந்து தங்கும். இதனால் வெண்குழியங்களுள் அதன் பங்கு வழமையாக நூற்றுக்கு 1 முதல் 4 வரையே. ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 500ஐத் தாண்டினால் அந்நிலையை ‘இயோசின்நாடி மிகைப்பு’ எனலாம்.

வெண்குழியங்களால் விழுங்க முடியாத அளவு பெரிய, காலின் தோல்வழியே உடலுட் புகும் கொக்கிப்புழு போன்றவற்றை இக்கலங்கள் சூழ்ந்து, சிறுமணிப் புரதங்களை அவற்றின் மீது வெளியேற்றுகின்றன. வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடப்போரிடம் எண் கூடியிருந்தால் மருத்துவர் மலப்பரிசோதனை கேட்பது இதனாலேயே. ஒவ்வாமையிலும் முட்டு எனப்படும் ஆஸ்துமாவிலும் அதே புரதங்கள் மூச்சுக்குழாயின் உட்படையைப் புண்ணாக்குகின்றன. அத்தகைய கடும் ஆஸ்துமாவுக்கு வழங்கப்படும் மெப்போலிசுமாப் என்ற மருந்து, இன்டர்லூக்கின்-5ஐத் தடுத்து இக்கலங்களின் தொகையைக் குறைக்கிறது.