கவுன்டி லைன்ஸ்: எல்லைக் கோடு அல்ல, போன் லைன்

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில், வட கடலைப் பார்த்தபடி இருக்கிறது நார்ஃபோக். பரப்பளவு 5,300 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல், மக்கள் தொகை ஒன்பது லட்சத்துச் சொச்சம். நகரம் என்று சட்டப்படி சொல்லத்தக்கது நாரிச் ஒன்றுதான். மற்றதெல்லாம் பார்லி வயல், சதுப்புநிலம், சிறு துறைமுகங்கள், ஒரு தேவாலயமும் பத்து வீடுகளும் கொண்ட கிராமங்கள். குற்ற விகிதம் நாட்டின் சராசரியைவிடக் குறைவு. பெரிய நகரங்களில் வேலை பார்த்தவர்கள் ஓய்வுபெற்றதும் அமைதி தேடி வரும் இடம் இது.

இப்படிப்பட்ட ஊரின் போலீஸ் அறிக்கையிலும், பள்ளிகள் பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்திலும் சில ஆண்டுகளாக ஒரு சொல் அடிக்கடி வருகிறது: கவுன்டி லைன்ஸ். லண்டனில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் கண்ணிலும் இது பட்டிருக்கும். சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘மாவட்டக் கோடுகள்’ என்றாகும். அது தப்பு. ஏதோ எல்லைத் தகராறு என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

இங்கே லைன் என்பது போன் லைன். நாம் ‘கொஞ்சம் லைன்ல இருங்க’ என்கிறோமே, அதே லைன். பெரிய நகரத்துப் போதைக் கும்பல் ஒரு கைபேசி எண்ணைத் தனியாக ஒதுக்கி, வேறொரு மாவட்டத்துச் சிறு ஊரில் அதைப் பரப்பி, ஹெராயினும் கிராக் கொக்கைனும் விற்கிறது. அந்த எண்ணும் அதைச் சுற்றிய ஏற்பாடும் சேர்ந்ததுதான் கவுன்டி லைன். 2018 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட கடும் வன்முறைத் தடுப்புத் திட்ட ஆவணத்தின் விளக்கமும் ஏறக்குறைய இதுதான்.

இரண்டு சொற்களுமே நெடுந்தூரம் நடந்து வந்தவை. கவுன்டி நமக்குக் கிரிக்கெட் மூலம் பழக்கம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன், அங்கிருந்தவர்கள் தங்கள் நிலப் பிரிவை ‘ஷயர்’ என்றார்கள். யார்க்‌ஷயர், லிங்கன்‌ஷயர் எல்லாம் அந்த வால் ஒட்டியவை. வந்தவர்கள் தங்கள் பிரெஞ்சுச் சொல்லை அதன் மேல் ஏற்றினார்கள். அதன் வேர் லத்தீன் ‘கோமிட்டாட்டுஸ்’. அதற்குள் இருப்பது ‘கோமெஸ்’, அதாவது உடன் செல்பவர், அரசனின் தோழர். நம் ஊரில் ஏட்டுக்குக் கீழே இருக்கும் கான்ஸ்டபிளும் இதே குடும்பம்தான்: ‘கோமெஸ் ஸ்டாபுலி’, குதிரை லாயத்து அதிகாரி. நார்ஃபோக்குக்கு ஷயர் வால் கிடையாது. வடக்கத்தி மக்கள் என்பதே பெயரின் பொருள். தெற்கே இருப்பவர்கள் சஃபோக்.

லைன் லத்தீன் ‘லீனியா’விலிருந்து வருகிறது. ஆளிச்செடி நாரில் திரித்த நூல் என்று பொருள். நூல் கோடானது, கோடு கம்பியானது, கம்பி தொலைபேசி இணைப்பானது. இப்போது கம்பியே இல்லாத கைபேசிக்கும் அதே பெயர். தமிழிலும் இந்த விளையாட்டு நடந்திருக்கிறது: வீணையின் தந்தி, தபால்காரர் கொண்டுவந்த தந்தியானது இதே வழியில்தான்.

சரி, இந்தத் தொடர் எங்கே பிறந்தது? கும்பலில் இருக்கும் பையன்கள் இப்படிச் சொல்வதில்லை. அவர்கள் வாயில் அது ‘கோயிங் கன்ட்ரி’, அல்லது கன்ட்ரியைச் சுருக்கி ‘கன்ச்’. ‘ஓ.டி.’ என்றும் சொல்வார்கள். ஊருக்கு வெளியே என்று அர்த்தம். கவுன்டி லைன்ஸ் என்பது போலீஸ் வழக்கு. தேசியக் குற்ற முகமை 2015-இல் இதைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது, அப்புறம் செய்தித்தாள், பாராளுமன்றம், பள்ளிக்கூடம் என்று பரவிவிட்டது. அதே முகமை 2019 ஜனவரியில் சொன்ன கணக்குப்படி, தனித்தனி விற்பனை எண்கள் 2,000-க்கு மேல். அனுப்பும் இடங்களில் முக்கியமானவை லண்டன், பர்மிங்காமைச் சுற்றிய வெஸ்ட் மிட்லன்ட்ஸ், லிவர்பூலைச் சுற்றிய மெர்சிசைடு.

வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் பெயர் ஏன் போனைப் பிடித்துக்கொண்டது என்று புரியும். எண்ணை வைத்திருப்பவர் நகரத்தை விட்டு நகர்வதில்லை. வாடிக்கையாளர் பட்டியலுக்கு மொத்தமாகக் குறுஞ்செய்தி போகும்: சரக்கு வந்திருக்கிறது, இன்று இன்ன சலுகை. லைனுக்கு ஒரு பெயரும் இருக்கும், கடைக்குப் பெயர்ப் பலகை மாதிரி. ஆட்கள் மாறலாம், கைபேசி மாறலாம், எண்தான் முதலீடு. அதை அப்படியே இன்னொருவருக்கு விற்கிறார்கள். சரக்கைச் சுமந்து வருவது பெரும்பாலும் சிறுவர்கள். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் நாரிச். கடற்கரையில் கிரேட் யார்மத், மேற்கே கிங்ஸ் லின் என்று மற்ற ஊர்களுக்கும் ரயில் இருக்கிறது. நகரத்தில் போட்டிக் கும்பல் அதிகம், போலீசுக்கு முகமும் தெரியும். சிற்றூரில் இரண்டு தொல்லையும் குறைவு.

எல்லைக்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸில் வட்டாரப் போலீஸ் படைகள் 43. லண்டன் பையன் நார்ஃபோக்கில் பிடிபட்டால், எண்ணை வைத்திருப்பவர் இன்னொரு படையின் எல்லைக்குள் இருப்பார். இதைச் சமாளிக்கத்தான் 2018-இல் தேசிய அளவில் ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கினார்கள். லண்டன் போலீஸ் 2019-இல் தொடங்கிய ‘ஆபரேஷன் ஒரோச்சி’ தலைகீழாக வேலை செய்தது. தெருவில் விற்பவனை விட்டுவிட்டு, போன் பதிவுகளை வைத்து எண்ணுக்குச் சொந்தக்காரனைத் தேடிப் போனார்கள். போதை விற்கும் எண்ணையே நீதிமன்ற உத்தரவால் துண்டிக்க 2017-இல் விதிமுறையும் வந்தது. ஆனால் எண் துண்டிக்கப்பட்டவர்கள் புது எண் வாங்கிப் பழைய பட்டியலுக்குச் செய்தி அனுப்பத் தடை ஏதுமில்லை.

நார்ஃபோக் போலீஸ் தன் பங்குக்கு 2016-இல் ‘ஆபரேஷன் கிராவிட்டி’யைத் தொடங்கியது. 2018-இல் அதே படை, கிராமங்களில் நடந்து வலம்வந்த சமூகத் துணைக் காவலர் பணியிடங்கள் அத்தனையையும் ஒழித்தது. இங்கிலாந்து, வேல்ஸில் இதைச் செய்த முதல் படை அதுதான். குற்றத்தின் தன்மை மாறிவிட்டது, பணத்தை வேறு வேலைக்குத் திருப்புகிறோம் என்றார்கள். வாதம் புரிகிறது. ஆனால் தெருவில் எந்த வீட்டுக்குப் புதிதாக ஆட்கள் வந்துபோகிறார்கள் என்று முதலில் கவனிப்பது அப்படி நடந்து போகிறவர்தான்.

புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். திருட்டு நடந்தால் பறிகொடுத்தவர் புகார் செய்கிறார். போதை விற்பனையை யாரும் போய்ப் புகார் எழுதுவதில்லை. போலீஸ் தேடினால் பதிவாகும், தேடாவிட்டால் பூஜ்யம். ஆகவே போதைக் குற்றம் கூடியிருக்கிறது என்ற வரி, ஊர் கெட்டுவிட்டது என்றும் சொல்லலாம், போலீஸ் சுறுசுறுப்பாக இருக்கிறது என்றும் சொல்லலாம். நார்ஃபோக்கில் வீடு வாங்கப் போகிறவரோ, நாரிச்சில் படிக்கப் போகும் மாணவியோ இந்தச் சொல்லைப் பார்த்து இரவு நடக்கப் பயப்பட வேண்டியதில்லை. சாலையில் போகிறவரை மிரட்டிப் பிடுங்குவதல்ல இவர்கள் தொழில். கவனம் ஈர்ப்பது வியாபாரத்துக்குக் கெடுதல். ஆபத்து வேறு இரண்டு பேருக்கு: சரக்கைச் சுமக்கும் பிள்ளைக்கு, கதவைத் திறந்துவிடும் நோஞ்சான் மனிதருக்கு.

அந்த இரண்டாமவரிடமிருந்து இன்னொரு சொல் பிறந்தது: குக்கூயிங். வந்த கும்பல் ஓட்டலில் தங்காது. போதைக்கு அடிமையானவர், மனநலம் குன்றியவர், தனியாக இருக்கும் முதியவர், இப்படி ஒருவர் வீட்டுக்குள் முதலில் நட்பாக நுழையும். இலவசமாகக் கொஞ்சம் சரக்கு கொடுக்கும். சில நாளில் வீட்டுக்காரர் தன் படுக்கையறைக்கே அனுமதி கேட்க வேண்டியிருக்கும். ஐரோப்பியக் குக்கூப் பறவை பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும். பொரித்த குஞ்சு மற்ற முட்டைகளை முதுகால் தள்ளி வெளியே எறியும். பெயர்க் காரணம் அதுதான்.

தமிழில் ‘குயில்’ என்று போட்டால் சரிவராது. நம் குயிலும் காக்கைக் கூட்டில்தான் முட்டையிடுகிறது, ஆனால் குயில் என்றதும் நமக்கு நினைவு வருவது குரல், குற்றம் அல்ல. ‘வீட்டு ஆக்கிரமிப்பு’ என்றால் பட்டா தகராறு வாசனை அடிக்கிறது. ‘கூடு கவர்தல்’ என்பது என் தேர்வு. ஆநிரை கவர்தல் என்று இலக்கணத்தில் படித்தவர்களுக்குக் கவர்தலின் வன்முறை புரியும், கூடு பறவையையும் விட்டுவிடவில்லை. 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு வந்த மசோதா ஒன்று இதைத் தனிக் குற்றமாக்க முன்வந்ததால், செய்திகளில் இச்சொல்லுக்கு வேலை இருக்கும்.

கவுன்டி லைன்ஸுக்கு என்ன சொல்லலாம்? ‘மாவட்டங்களுக்கிடையிலான போதைப்பொருள் கடத்தல்’ சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் போன் காணாமல் போய்விட்டது. தேனியிலிருந்து மதுரைக்குக் கஞ்சா ஏற்றிப் போகும் லாரிக்கும் அது பொருந்தும். ‘கைபேசிவழிப் போதை விற்பனை’ என்றால் ஊர் தாண்டுவது விடுபடுகிறது. ‘ஊர் தாண்டும் போதை லைன்’ என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. லைனைத் தமிழாக்காமல் விட்டதில் தூய தமிழ் அன்பர்களுக்கு வருத்தம் இருக்கலாம். ‘இணைப்பு’ என்று மாற்றிப் பாருங்கள், கேஸ் இணைப்பு மாதிரி ஆகிவிடுகிறது. கட்டுரையில் முதல் முறை இதை எழுதி, பக்கத்திலேயே கவுன்டி லைன்ஸ் என்றும் சொல்லிவிட்டால் போதும்.

இதைவிடக் கவனம் தேவைப்படும் சொல், சரக்கோடு பிடிபடும் பதினைந்து, பதினாறு வயதுப் பையனைக் குறிக்கும் சொல். ‘இளம் போதைக் கடத்தல்காரன் கைது’ என்று தலைப்பு போடுவது சுலபம். அவனுக்கு முதலில் கிடைத்தது புது ஷூவும் கையில் கொஞ்சம் பணமும். பிறகு வழியில் சரக்கைப் பறிகொடுத்துவிட்டான் என்று கடன் ஏற்றுவார்கள். பறித்தது பல நேரம் அதே கும்பலின் ஆட்கள். அந்தக் கடனைத் தீர்க்க அவன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் இப்படிப் பிள்ளைகளை ஏவியவர்கள் மீது போதைச் சட்டத்தோடு 2015-ஆம் ஆண்டின் நவீன அடிமைமுறைச் சட்டமும் பாய்கிறது. இப்படிச் சுரண்டலுக்கு ஆளான சிறுவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள அதன் 45-ஆம் பிரிவு இடம் தருகிறது. தமிழில் ‘கடத்தலில் இறக்கப்பட்ட சிறுவன்’ என்று எழுதலாம், ஒரு சொல்கூடக் கூடவில்லை. யார் இறக்கினார்கள் என்ற கேள்வி அதில் நிற்கிறது.