தோல் ஆழமா, தேய்வு ஆழமா?

மின்காந்த உருவகப்படுத்தல் மென்பொருளைத் தமிழில் விளக்க வருபவர்கள் எல்லாரும் 'ஸ்கின் டெப்த்' என்பதைத் 'தோல் ஆழம்' என்கிறார்கள். மாறுதிசை மின்னோட்டம் உலோகத்துக்குள் எவ்வளவு ஆழத்தில் தேய்கிறது என்பதற்கான அளவு அது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

மாறுதிசை மின்னோட்டம் உலோகத்துக்குள் சீராகப் பரவாமல் புறத்தை நோக்கி ஒதுங்குவதுதான் ஸ்கின் எஃபெக்ட். 1883இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹோரஸ் லாம்ப் கோள வடிவக் கடத்திக்கு இதைக் கணக்கிட்டார். 1885இல் ஆலிவர் ஹெவிசைடு எல்லா வடிவங்களுக்கும் விரித்தார். ஸ்கின் என்பது பழைய நார்ஸ் மொழியில் விலங்கின் தோல். பிறப்புக்கதை அவ்வளவே.

தமிழில் தோல் என்றால் உரிக்கலாம். வாழைப்பழத்துக்குத் தோல் எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியும். செம்புக்குள் அப்படி எல்லை ஏதும் கிடையாது. மேற்பரப்பில் இருக்கும் மின்னோட்ட அடர்த்தி, ஒரு ஸ்கின் டெப்த் உள்ளே போனால் 37 சதவீதமாகிறது. இரண்டு போனால் 13.5, மூன்று போனாலும் 5 மிச்சம். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் செம்புக்கு இந்த ஆழம் 9 மில்லிமீட்டருக்கு மேல். சுவருக்குள் ஓடும் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் கம்பியின் மொத்த விட்டமே 1.4 மில்லிமீட்டர்தான். கம்பியைவிடத் தடிமனான தோலா? போதாக்குறைக்கு, கம்பியின் 'தோலை உரி' என்றால் எந்த எலெக்ட்ரீஷியனும் பிளாஸ்டிக் உறையைத்தான் உரிப்பார்.

ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் தோல் என்றுதானே சொல்கிறார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஜெர்மனில் 'ஷ்ட்ரோம்ஃபெர்ட்ரெங்குங்' என்ற சொல்லும் புழங்குகிறது: மின்னோட்டத்தை ஒதுக்கித் தள்ளுதல். இது காரணத்தையே சொல்கிறது. மாறும் காந்தப்புலம் கடத்திக்குள் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவை நடுவில் ஓட்டத்தை எதிர்த்து, ஓரத்தில் வலுவூட்டுகின்றன. அதனால் விளைவுக்குப் 'புறவொதுக்கம்' என்றும், ஆழத்துக்குத் 'தேய்வு ஆழம்' என்றும் சொல்வேன். தேய்பிறையில் நிலா ஒரே இரவில் காணாமல் போவதில்லையே. தேய்மானத்தோடு குழம்பும் என்றால் குழம்பட்டும், தோலைவிடத் தேவலை. 'மேற்பரப்பு விளைவு' என்பாரும் உண்டு. மேற்பரப்புக்குத் தடிமனே கிடையாது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டால், மென்பொருளில் இருக்கிறது. 1 கிகாஹெர்ட்ஸில் செம்பின் தேய்வு ஆழம் 2 மைக்ரான். சர்க்யூட் போர்டின் வழக்கமான செம்புப் படலம் 35 மைக்ரான். தோல் என்று படித்த மாணவர் அந்த 2 மைக்ரானுக்கு ஒரே ஒரு வலைக்கண்ணி (மென்பொருள் பொருளைக் கூறுபோட்டுக் கணக்கிடும் சிறு துண்டு) போட்டுவிட்டு உள்ளே ஒன்றுமில்லை என்று விடுகிறார். அதற்குள் சரியும் மின்னோட்டத்தைப் பிடிக்கப் பல கண்ணிகள் வேண்டும். போர்டு முழுக்க அப்படிப் போட்டால் கணினி படுத்துவிடும் என்பதால்தான், உலோகத்தின் உள்ளே கணக்கிடாமல் பரப்பு மின்மறுப்பை, அதாவது மாறுதிசை மின்னோட்டத்தை மேற்பரப்பு எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவை, உலோகத்தின் விளிம்பில் பொருந்தும் விதியாக, அதாவது எல்லை நிபந்தனையாக, வைக்கிறோம். படலம் தேய்வு ஆழத்தைப் போலச் சில மடங்காவது தடிமனாக இருக்கும்வரை அது சரி. சிப்புக்குள் இருக்கும் அரை மைக்ரான் படலத்துக்கு அதே நிபந்தனையை வைத்தால் ஆற்றல் இழப்பு தப்பாக வரும். செம்பின் சொரசொரப்பு தேய்வு ஆழத்தை நெருங்கினால் இழப்பு இன்னும் கூடும். அதைத் தனியே சேர்க்க வேண்டும். மின்னோட்டம் முழுவதும் அந்த ஆழத்துக்குள்ளேயே சீராக ஓடுவதாக வைத்தால் தடிமனான உலோகத்துக்கு மின்தடை சரியாகவே வரும், மறுக்கவில்லை. அது கணக்குக்கான வசதி, உள்ளே தோல் இருப்பதற்குச் சான்றல்ல.

தோல் ஆழம் என்று எழுதிய இதே கைகள்தான் 'பெர்ஃபெக்ட் கண்டக்டர்' என்பதைச் 'சரியான கடத்தி' ஆக்கின. அப்படியானால் செம்பு தப்பான கடத்தியா? தடையே இல்லாததாகக் கற்பித்துக்கொள்வது அது. 'தடையிலாக் கடத்தி' போதும். 'லாஸி மெட்டல்' ஒரு பாடக்குறிப்பில் 'நஷ்ட உலோகம்' ஆகியிருந்தது. கடைக்காரருக்குத்தான் நஷ்டம் வரும். உலோகத்துக்கு 'இழப்புள்ள' என்று போட்டால் போதாதா?