பெர்ரி மேசனை நம்பி வாய் திறக்காதீர்கள்

கைது செய்யப்பட்ட ஒருவர், வழக்கறிஞர் வருவதற்குள் காவலர்களிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்ட இன்னொரு வழக்கு இந்த மாதம் என் மேசைக்கு வந்திருக்கிறது. நன்கு படித்த இளைஞர், நல்ல வேலையில் இருப்பவர். ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்த அவருடைய தந்தை, "தப்பே செய்யாதவன் எதுக்கு வாயை மூடிக்கணும் வக்கீலம்மா? கோர்ட்ல உண்மை வெளிய வந்துடும். பெர்ரி மேசன்ல பாத்ததில்லையா நீங்க?" என்று கேட்டார். கலிபோர்னியாவில் குற்ற வழக்குகளை நடத்தும் நான் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டதால், இம்முறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

கொலைப் பழி சுமந்தவர்களை நீதிமன்றத்தில் மீட்கும் கற்பனை வழக்கறிஞர் பெர்ரி மேசனைப் பற்றிய அந்தத் தொடரைப் பார்த்திருக்கிறேன். மிகவும் நேசித்தும் இருக்கிறேன். 1957 செப்டம்பரிலிருந்து 1966 மே வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 271 பகுதிகளாக வந்த அதனை, மறு ஒளிபரப்பில் என் தாயாருடன் அமர்ந்து பார்த்து வளர்ந்தவள் நான். ஃப்ரெட் ஸ்டைனரின் முகப்பு இசை தொடங்கியதும் வீட்டில் யாரும் பேசக்கூடாது. மேசனாக நடித்த ரேமண்ட் பர் குரலை உயர்த்தாமலே சாட்சியை நெருங்கும் விதமும், துப்பறிவாளர் பால் டிரேக் கடைசி நேரத்தில் நீதிமன்றக் கதவைத் திறந்துகொண்டு வந்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவதும், ஒவ்வொரு வாரமும் தோற்றாலும் மறுவாரம் அதே உறுதியுடன் எழுந்து நிற்கும் அரசு வழக்கறிஞர் ஹாமில்டன் பர்கரும் இன்றும் கண்முன் நிற்கிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர், தம்மைச் சட்டத்துறைக்கு இழுத்தவற்றில் அந்தத் தொடரும் ஒன்று என்று 2009இல் செனட் விசாரணையிலேயே கூறினார். அவருக்கு மட்டுமன்று, என்னைப் போன்ற பலருக்கும் அது உண்மை.

ஆனால் அந்தத் தொடரின் இறுதிப் பத்து நிமிடங்கள் மக்கள் மனத்தில் பதித்துவிட்ட நம்பிக்கை பெருங்கேடு செய்கிறது. உண்மைக் குற்றவாளி நீதிமன்றத்துக்குள்ளேயே அமர்ந்திருப்பார். வழக்கறிஞர் நான்கு கேள்விகள் கேட்டதும் உடைந்து அழுது, "நான்தான் கொன்றேன்" என்று ஒப்புக்கொள்வார். என் அனுபவத்தில் ஒருமுறைகூட இது நடந்ததில்லை. நடக்கவும் முறைகள் இடம் தருவதில்லை. தன்னையே சிக்கவைக்கும் பதிலைத் தர மறுக்கும் உரிமையை அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் சாட்சிக்கும் அளித்திருக்கிறது. கேள்விகள் அந்தத் திசையில் திரும்புவதைக் கண்டவுடனேயே நீதிபதி நிறுத்தி, அந்தச் சாட்சிக்குத் தனி வழக்கறிஞர் வேண்டுமா என்று பார்ப்பார். பால் டிரேக் கடைசி நிமிடத்தில் அழைத்து வரும் திடீர்ச் சாட்சிக்கும் இடமில்லை. 1990ஆம் ஆண்டு முதல் கலிபோர்னியாவில் குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பும் தான் அழைக்கவிருக்கும் சாட்சிகளின் பெயர்களை அரசுத் தரப்புக்கு முன்கூட்டியே தந்தாக வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: மேசனின் வெற்றிகளில் பெரும்பகுதி ஜூரி இல்லாத முன்விசாரணையில் கிடைப்பவை. வழக்கை மேலே அனுப்பப் போதிய ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே அந்த அமர்வின் வேலை. குற்றமற்றவர் என்று அங்கு யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெரும்பாலான வழக்குகள் சாட்சி விசாரணை வரை போவதே இல்லை. கூட்டாட்சி நீதிமன்றங்களில் 97 விழுக்காடும், மாநில நீதிமன்றங்களில் 94 விழுக்காடும் தண்டனைகள் குற்றத்தை ஒப்புக்கொள்வதால் முடிபவை என்று உச்ச நீதிமன்றமே 2012இல் சுட்டிக்காட்டியது. அந்த ஒப்புதலுக்காக அரசுத் தரப்புடன் நடக்கும் பேரத்தில் உங்கள் பக்கத்து எடையை எது தீர்மானிக்கிறது? பெரும்பாலும், கைதான இரவில் காவல் நிலையத்தில் நீங்கள் பேசியதுதான். உண்மை தானாக வெளிவரும் என்று நீங்கள் காத்திருக்கும் அந்த நாள் வருவதே இல்லை.

அதே தொடரில் முதல் அரைமணி நேரத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. காவலரிடம் எதுவும் பேசாதே என்று மேசன் தம் கட்சிக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர்களோ பேசுவார்கள், மறைப்பார்கள், துப்பாக்கியைத் தொட்டு எடுப்பார்கள். அதற்குள் காவல் அதிகாரி லெப்டினென்ட் டிராக் வாசலில் வந்து நிற்பார். கதை எழுதிய எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் வென்ச்சுராவில் வழக்கறிஞராக உழைத்தவர், ஆக்ஸ்னார்டில் வாழ்ந்த சீனக் குடியேறிகளுக்காக வாதாடியவர். புதிதாக வந்த மக்கள் காவலர் முன் எப்படித் தடுமாறுவார்கள் என்பதை அவர் நேரில் அறிந்திருந்தார்.

தொடர் 1966 மே மாதம் முடிந்தது. விசாரிக்குமுன் மௌன உரிமையையும் வழக்கறிஞர் உரிமையையும் காவலர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற மிராண்டா வழக்கின் தீர்ப்பு அதே ஆண்டு ஜூன் மாதம் வந்தது. ஆகவே இன்று எல்லோருக்கும் மனப்பாடமான அந்த எச்சரிக்கை வாசகம் மேசனின் காலத்தில் இல்லை. ஆனால் அதையும் நம் மக்கள் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். காவலில் வைத்து விசாரிக்கும்போது மட்டுமே அந்த எச்சரிக்கை கட்டாயம். வீட்டு வாசலில் நின்று அன்பாக விசாரிக்கும் அதிகாரி அதைச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் சொல்வது அத்தனையும் சாட்சியமாகும். வெறுமனே மௌனமாக இருந்தாலும் போதாது, உரிமையைக் கோருவதாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதையும் தயங்கித் தயங்கிச் சொல்லாதீர்கள். "வக்கீல் கிட்ட பேசினா நல்லதோ?" என்று பணிவாக இழுப்பது நம் வழக்கம், அது போதாது என்று உச்ச நீதிமன்றம் 1994இலேயே முடிவு செய்துவிட்டது. "ஐ வாண்ட் எ லாயர், ஐ வில் நாட் ஆன்சர் கொஸ்டின்ஸ்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, அதன்பின் வானிலையைப் பற்றிக்கூடப் பேசாதீர்கள். "உன் நண்பன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்" என்று அதிகாரி கூறினால், அது பொய்யாக இருக்கலாம். விசாரணையில் அத்தகைய பொய்யைச் சட்டம் பெரும்பாலும் தடுப்பதில்லை. பதிலுக்கு நீங்களும் பொய் சொல்லக் கூடாது. கூட்டாட்சி அதிகாரியிடம் சொல்லும் பொய் தனிக் குற்றம்.

கைதான மூன்று மணி நேரத்துக்குள் மூன்று அழைப்புகளுக்குக் கலிபோர்னியச் சட்டம் உரிமை தருகிறது. அவற்றில் தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று எண்ணுவது வெறும் கற்பனை. குடும்பத்தாருடன் சிறையிலிருந்து பேசுவது பதிவாகும், தேவையெனில் மொழிபெயர்க்கப்படும். வாட்ஸப் செய்திகளை அழிக்கச் சொல்லி அண்ணனுக்கோ மனைவிக்கோ கட்டளையிடாதீர்கள். அழிப்பது உங்களோடு அவர்களையும் குற்றவாளியாக்கும்.

விசாவிலும் கிரீன் கார்டிலும் இருப்பவர்களிடம் மன்றாடியே கேட்கிறேன்: சிறிய வழக்குதானே, ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று அவசரப்படாதீர்கள். கடையில் ஒரு பொருளைத் திருடிய வழக்கும், வீட்டுச் சண்டையில் பதிவான வழக்கும் நாடு கடத்தல் வரை போகக்கூடும். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், எதிர்க்கவும் இல்லை என்ற பொருளில் "நோ கான்டெஸ்ட்" என்று சொன்னாலும் குடிவரவுச் சட்டத்தின் பார்வையில் அது குற்ற ஒப்புதலுக்குச் சமம். ஒப்புக்கொண்டு ஏதேனும் தண்டனையோ கட்டுப்பாடோ விதிக்கப்பட்டபின் வழக்கு தள்ளுபடியானாலும் பல நேரங்களில் அது தண்டனையாகவே நிற்கும். இந்த ஆபத்தைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று 2010இல் பாடில்லா வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

பணமில்லை என்பதற்காக வழக்கறிஞரைத் தள்ளிப்போடுவதும் வேண்டாம். பணமில்லாதவர்களுக்காக இலவசமாக வாதாடும் பொது வழக்கறிஞர் (பப்ளிக் டிஃபெண்டர்) அலுவலகங்களில் நாட்டின் முதலாவது 1914இல் தொடங்கியது மேசனின் ஊரான லாஸ் ஏஞ்சலிஸில்தான். அங்கு பணியாற்றுவோர் நாள்தோறும் குற்ற வழக்குகளையே நடத்துபவர்கள். இலவசம் என்றால் தரம் குறைவு என்று முகம் சுளிக்கும் பெற்றோரிடம் எனக்குக் கோபமே வருகிறது.

பிள்ளையிடமிருந்து நள்ளிரவில் அழைப்பு வந்தால், "என்னடா நடந்தது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எந்தக் காவல் நிலையம், பதிவு எண் என்ன, மருந்து ஏதேனும் வேண்டுமா என்பவற்றைக் குறித்துக்கொண்டு, "வக்கீல் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் எதுவும் பேசாதே, எங்ககிட்டயும் பேசாதே" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.