இறங்கிய வலியும் இரவின் ஹார்மோனும்

மூணாறு மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷனிலிருந்து போடிப் பக்கத்து அடிவாரமான குரங்கணிக்கு நடந்தே இறங்கிய அன்று எனக்கு வலி ஒன்றும் தெரியவில்லை. 1924 வெள்ளத்துக்கு முன்பு மூணாறு தேயிலைப் பெட்டிகள் இதே சரிவில் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. என்னைவிடப் புத்திசாலிப் பெட்டிகள். மறுநாள் காலை முன்தொடை இரண்டும் கட்டிக்கொண்டன. அதற்கும் அடுத்த நாள், போடி வீட்டின் மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன்.

“விருந்தும் மருந்தும் மூன்று நாள் மருமகனே, இறங்கிய வலியும் அப்படித்தான்” என்று அத்தை சிரித்தார். முப்பது ஆண்டுகளாக ஜீப்பில் போடிமெட்டு ஏறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்பவர். அவர் சொன்ன கணக்கு உடலியங்கியல் சொல்லும் கணக்கேதான்: இந்த வலி 24 மணி நேரத்துக்கு மேல்தான் உச்சத்துக்குப் போகும், 72 மணி நேரம் வரைகூட அங்கேயே நிற்கும்.

பழி பெரும்பாலும் லாக்டிக் அமிலத்தின்மேல் விழுகிறது. பாவம் அது. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து ஏறக்குறைய நீங்கிவிடும் பொருள், மூன்றாம் நாள் வலிக்கு எப்படிக் காரணமாகும்? உண்மைக் காரணம் இறக்கம். ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போதோ உடல் எடையைத் தாங்கிப் பிரேக் பிடித்தபடியே நீள வேண்டியிருக்கிறது. இப்படி நீளும்போது குறைந்த எண்ணிக்கையிலான தசைநார்களே வேலைக்கு வருவதால், ஒவ்வொன்றின் தலையிலும் பாரம் கூடுகிறது. நார்களுக்குள் வரிசையாகக் கோக்கப்பட்ட நுண்ணிய சுருங்கு அலகுகளில் பலவீனமானவை அளவுமீறி இழுபட்டுக் கலைகின்றன. சவ்வு கிழிந்து கால்சியம் உள்ளே புகுகிறது, கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி வெளியே ரத்தத்தில் கசிகிறது.

சில மணி நேரத்தில் வெள்ளை அணுக்கள் வந்து சேர்கின்றன. அழற்சி என்பது இதுதான். இடிபாட்டை அகற்ற அவை பயன்படுத்தும் ஆயுதங்களில் ஒன்று, ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் வீரியமான மூலக்கூறுகள். குப்பையைக் கொளுத்தும்போது பக்கத்து வேலியிலும் பொறி விழுவதுபோல, இவை நல்ல நார்களையும் தொட்டுவிடும். அதன் பிறகுதான் கொத்தனார் வேலை. 1961இல் அலெக்சாண்டர் மௌரோ கண்டறிந்த துணைச் செல்கள், தசைநாரின் ஓரத்தில் உறங்கிக்கிடப்பவை, விழித்துப் பெருகி உடைந்த நார்களோடு இணைகின்றன.

மெலடோனின் இங்கேதான் வருகிறது. 1958இல் ஆரன் லெர்னர் மாட்டின் மூளையிலுள்ள பினியல் என்ற சிறு சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த ஹார்மோன் இது. தவளைத் தோலை வெளுக்க வைத்ததால் கிடைத்த பெயர், தூக்கத்தோடு அந்தப் பெயருக்குச் சம்பந்தமில்லை. பொழுது சாய்ந்து விழித்திரையில் ஒளி குறைந்ததும், மூளையின் கடிகாரம் பினியலுக்கு அனுமதி தருகிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு சுரக்கத் தொடங்கி, பின்னிரவு 2 முதல் 4 மணிக்குள் உச்சத்தை எட்டுகிறது. ‘இருட்டிவிட்டது’ என்று உடம்பெங்கும் தண்டோரா போடுவதுதான் இதன் முதல் வேலை. கூடவே, அந்த வீரியமான மூலக்கூறுகளை நேரடியாகத் தணிக்கும் குணமும் இதற்கு உண்டு என்று 1990களில் தெரியவந்தது.

இந்த இரண்டாவது குணத்தை வைத்துத்தான் ‘ஓட்டக்காரர்களுக்கு மெலடோனின்’ என்ற பேச்சு கிளம்பியது. 2011இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் 50 கிலோமீட்டர் மலை ஓட்டக்காரர்கள் சிலருக்கு 3 மில்லிகிராம் மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் அவர்களிடம் குறைந்திருந்தன. ஆனால் அது சுமார் 2,800 மீட்டர் ஏறும் ஓட்டம். என் சிக்கலோ இறக்கம்! அதோடு, ரத்தப் பரிசோதனைத் தாளில் எண் குறைவதும் படிக்கட்டில் கால் மடங்குவதும் ஒன்றல்ல. வலியும் பலமும் சீக்கிரம் சரியாகின்றனவா என்ற கேள்விக்குச் சிறு சிறு ஆய்வுகள் ஒத்த பதிலைத் தரவில்லை.

அழற்சியை அடியோடு அடக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சியோடு, அதே வீரியமான மூலக்கூறுகளைத் தணிக்கும் வைட்டமின் சி, இ மாத்திரைகளை அதிக அளவில் சாப்பிட்டவர்களுக்கு, இன்சுலினுக்கு உடல் இணங்குவது போன்ற பயிற்சியின் பலன்களே மழுங்கிப்போயின. மெலடோனினும் அப்படித்தான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஆனால் யோசிக்க வைக்கிறது. தவிர, இரவில் உடல் தானே எட்டும் ரத்த அளவுக்கு 0.3 மில்லிகிராம் மாத்திரையே போதும். 3 மில்லிகிராம் என்பது அதைப் போலப் பத்து மடங்கு.

தூக்கத்தின் கதை வேறு. ஆழ்ந்த உறக்கத்தின் முதல் பகுதியில்தான் வளர்ச்சி ஹார்மோன் பெரும் வீச்சில் சுரக்கிறது. படுக்கும் முன்பு நெடுநேரம் எரியும் டியூப்லைட் வெளிச்சம் மெலடோனின் தொடங்கும் நேரத்தையே தள்ளிப்போடுகிறது. ஜீப் பிடிக்க அத்தை எழுவது மூன்றரை மணிக்கு, அதாவது ஹார்மோன் உச்சத்தில் இருக்கும் வேளையில். கட்டுச்சோறு கட்ட சமையலறை விளக்கைப் போட்ட சில நிமிடங்களில் அவர் பினியல் வேலையை நிறுத்தத் தொடங்கிவிடுகிறது.

அப்படியிருந்தும் அவர் கால் வலிப்பதில்லை. ஏன் என்பது மூன்று வாரம் கழித்து அதே பாதையில் நான் இறங்கியபோது தெரிந்தது. இந்த முறை மறுநாள் லேசான பிடிப்பு, அவ்வளவுதான். ஒருமுறை இறக்கத்தில் அடிபட்ட தசை, அடுத்த இறக்கத்துக்குத் தன்னைத் தயார்செய்து கொள்கிறது. அந்தக் காப்பு வாரக்கணக்கில் நிற்கும். அத்தைக்கு ஏலச்சரிவு தினமும் அந்தக் காப்பைப் புதுப்பித்துக் கொடுக்கிறது.