கான்டின்ஜென்ட் என்றால் படைப்பிரிவா?

1991 வளைகுடாப் போரில் பிரான்ஸ் என்ன செய்தது என்று தமிழில் எழுதுகிறவர்கள், ‘கான்டின்ஜென்ட்’ வந்த இடமெல்லாம் ‘படைப்பிரிவு’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். படிக்கப் படிக்க எரிச்சலாக இருக்கிறது.

மூலம் லத்தீன். தொடுவது, ஒருவர் பங்குக்கு வந்து சேர்வது என்று பொருள். ‘எதிர்பாராச் செலவு நிதி’க்கான ஆங்கிலச் சொல்லுக்கும் இதே வேர்தான். படை என்று வரும்போது, பல நாடுகள் சேர்ந்து போருக்குப் போகையில் ஒரு நாடு தன் பங்காகத் தரும் படை. உயிரே ‘பங்கு’ என்பதில்தான் இருக்கிறது.

‘படைப்பிரிவு’ அதைத்தான் தொலைத்துவிடுகிறது. பிரான்ஸ் அனுப்பியது ஒரு பிரிவை அல்ல. சவுதியின் அல் அஹ்சா விமானத் தளத்தில் ஜாகுவார் போர் விமானங்கள் இருந்தன, ரியாத்தில் பிரெஞ்சுத் தளபதி ரோக்ஜோஃப்ரின் தலைமையகம் இருந்தது, பாலைவனத்தில் டகே டிவிஷன் என்ற பெரிய தரைப்படை அலகு இருந்தது. (கிளைவிடாத கொம்புள்ள இளம் கலைமானுக்குப் பிரெஞ்சில் டகே என்று பெயர்.) அந்த டிவிஷனும் பிரான்ஸின் நீம் நகரத்து 6ஆம் இலகு கவச டிவிஷனை அடித்தளமாக வைத்து, வேறு பல ரெஜிமென்ட்களிலிருந்து ஆள் சேர்த்துக் கட்டியது. கட்டாய ராணுவச் சேவையில் இருந்த இளைஞர்களை அனுப்ப பிரெஞ்சு அதிபர் மித்தரான் மறுத்ததால் தொழில்முறை வீரர்களைத் தேடித் திரட்ட வேண்டியிருந்தது. பிப்ரவரி 24 அன்று அது ஈராக்கின் அஸ் சல்மானை நோக்கிப் புறப்பட்டபோது அமெரிக்காவின் 82ஆம் வான்வழி டிவிஷனின் ஒரு பிரிகேடும் அதன்கீழ் இருந்தது. இதை நம் மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுங்கள்: ‘பிரெஞ்சுப் படைப்பிரிவின் கவசப் படைப்பிரிவு, அமெரிக்கப் படைப்பிரிவின் ஒரு படைப்பிரிவோடு முன்னேறியது.’ யாருக்கு என்ன புரியும்?

தனித்தமிழ் அன்பர்கள் ‘துணைப்படை’ என்கிறார்கள். பழைய சொல், மறுக்கவில்லை. மூலப்படை, கூலிப்படை என்று பரிமேலழகர் எண்ணும் அறுவகைப் படையில் அதுவும் ஒன்று. ஆனால் அது ஓர் அரசன் தன் பார்வையில், தனக்கு உதவ நட்பரசன் அனுப்பிய சேனைக்கு வைத்த பெயர். சரி, 1991இல் யாருக்கு யார் துணை? குவைத்திலிருந்து ஈராக்கை வெளியேற்றப் படைபலத்தை அனுமதித்த ஐ.நா.வின் 678ஆம் தீர்மானத்தை ஒட்டி முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் தத்தம் பங்கைத் தந்தன. பிரான்ஸைத் துணைப்படை என்றால் அமெரிக்கா மட்டும் மூலப்படையாகிவிடும். அப்புறம், இந்திய மன்னர்களை ஆங்கிலேயப் படைக்குக் கட்டுப்பட வைத்த வெல்லெஸ்லியின் துணைப்படைத் திட்டத்தைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் அடிமைச் சாசனம்தான் நினைவுக்கு வரும். துணை ராணுவத்தோடு குழம்புவது வேறு.

என் தேர்வு ‘படைப்பங்கு’. பிரான்ஸின் படைப்பங்கு, எகிப்தின் படைப்பங்கு என்று கூச்சமில்லாமல் எழுதலாம். டிவிஷன், பிரிகேட், ரெஜிமென்ட் மூன்றையும் அப்படியே விடுங்கள். அளவில் வேறுபட்ட மூன்றுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லைப் பூசுவது தூய்மை ஆகாது, சோம்பல்.

இதே சோம்பல்தான் அந்தக் கூட்டணியை ‘நேசப்படை’ ஆக்குகிறது. அது இரண்டாம் உலகப் போரின் சொல். சிரியாவும் அமெரிக்காவும் ஒரே பக்கம் நின்ற போரில் நேசம் எங்கிருந்து வந்தது? ‘கூட்டணிப் படை’ என்று எழுதுங்கள்.