வெள்ளைக் கோடு வேனை நிறுத்தாது

"கோட்டுக்கு இந்தப் பக்கம்தான்யா வந்தான், ஒழுங்காத்தான் வந்தான்." அந்த அப்பத்தா என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார். பேரன் பிளஸ் ஒன். அரசு கொடுத்த சைக்கிளில் தேவகோட்டை ரோட்டில் வந்தவனைப் பின்னால் வந்த வேன் ஹேண்டில்பாரில் தட்டிவிட்டுப் போய்விட்டது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டிலும் காறை எலும்பிலும் முறிவு. எக்ஸ்ரே மேசையில் படுத்துக்கொண்டு, "சைக்கிள் என்னாச்சு சார்?" என்றுதான் முதலில் கேட்டான்.

காரைக்குடியில் எலும்பு முறிவு மருத்துவம் பார்க்கிறேன். சைக்கிளிலிருந்து விழுந்து வருகிறவர்களிடம், உங்களுக்கும் வண்டிக்கும் நடுவில் என்ன இருந்தது என்று கேட்பேன். பெரும்பாலும் ஒன்றுமே இல்லை என்பார்கள், மிஞ்சிப்போனால் அந்த வெள்ளைக் கோடு.

2024இல் நம்ம ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது. நாளைக்கு இங்கேயும் சைக்கிள் பாதை போடலாம் என்று பேச்சு வரும், வரவும் வேண்டும். அப்போது கோடும் பிளாஸ்டிக் கம்பமும் போதும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். 2020இல் பெங்களூரு வெளிவட்டச் சாலையில் சிறு கம்பங்களை நட்டுத்தான் சைக்கிள் பாதையைப் பிரித்தார்கள், எத்தனையோ கம்பங்கள் வண்டி மோதி உடைந்துபோயின. இடித்தால் வளைந்து கொடுக்கிற மாதிரிக் கம்பங்களும் உண்டு, அவை வண்டிக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்ளுமே தவிர சைக்கிள்காரருக்கு அதனால் என்ன பயன்? நியூயார்க்கில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டு, பிளாஸ்டிக் கம்பம் இருந்த பல இடங்களில் கான்கிரீட் தடுப்பு வைக்கப்போவதாக 2022இல் அறிவித்தார்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி 60இல் வந்தால் மோதும் ஆற்றல் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு, அந்த நான்கு மடங்கையும் தாங்க வேண்டியது ஒரு பிள்ளையின் எலும்பு.

நம் பழைய வீதிகளில் மாட்டுவண்டி அச்சு இடிக்காமல் இருக்க வீட்டு மூலையில் ஒரு கல்லை நட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சுவருக்கே அவ்வளவு பார்த்த ஊர் இது.

சரி, கான்கிரீட் வைத்தால் மட்டும் போதுமா என்றால், வைக்கிற விதம் இருக்கிறது. சைக்கிள் பக்கம் கூர்மையான விளிம்போ கம்பி நுனியோ நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அதன்மேல் சாய்ந்து விழுந்தால் விலா எலும்பு போய்விடும். அடியில் தண்ணீர் போக வழி விடவில்லை என்றால் ஐப்பசி மழையில் பாதை முழுக்கக் குட்டையாகி, பிள்ளைகள் மறுபடி ரோட்டுக்கே வந்துவிடுவார்கள். தடுப்பு ஆரம்பிக்கிற இடத்தில் இரவில் மின்னுகிற பட்டை ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பைக்கில் வருகிறவர் அதிலேயே மோதுவார். கடை வாசலுக்கு விடுகிற இடைவெளியில் ஒரு கல்லை நடாவிட்டால் சாயங்காலத்துக்குள் அங்கே ஆட்டோ நிற்கும். அகலம் இரண்டு மீட்டராவது வேண்டும், பள்ளி விட்டால் நம் பிள்ளைகள் ஜோடி ஜோடியாகப் பேசிக்கொண்டுதானே ஓட்டுகிறார்கள்.

உங்கள் வார்டில் ரோட்டு வேலை வந்தால் கவுன்சிலரிடம் வரைபடத்தைக் கேளுங்கள். சைக்கிளுக்கும் லாரிக்கும் நடுவில் என்ன வரைந்திருக்கிறார்கள், எதனால் செய்தது, தரையோடு எப்படிப் பிணைக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தேன். பையன் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, எப்போது சைக்கிள் ஓட்டலாம் என்றான். "பஸ்ஸிலேயே போகட்டும்யா, சைக்கிளே வேணாம்" என்றார் அப்பத்தா. அந்த ரோட்டை நினைத்துப் பார்த்தேன், வேண்டாம் ஆச்சி, ஓட்டட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.