கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பார்க்கும் பிளாஸ்டிக்

டிவி ரிமோட்டின் முனையை செல்ஃபி கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பல ஃபோன்களின் திரையில் ஊதா வெளிச்சம் மினுக்கும். ரிமோட் விடுவது பெரும்பாலும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. 700-ஐத் தாண்டினால் நம் கண் கைவிரித்துவிடும். கேமராவில் இருக்கும் சிலிக்கான் உணரியோ 1100 வரை பார்க்கும். அதனால், கண்ணைப் போலவே வெளிச்சத்தை அளக்க வேண்டுமென்றால் சிலிக்கான் உணரிக்கு மேல் ஒரு வடிகட்டி போட்டாக வேண்டும்.

ஒளி உணரி செய்ய உதவும் பி3எச்டி என்ற கரிமப் பாலிமருக்கு, அதாவது கார்பனாலான ஒருவகை பிளாஸ்டிக்குக்கு, இந்தத் தொல்லை இல்லை. அதில் ஓர் எலக்ட்ரானை எழுப்ப சுமார் 1.9 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், சிலிக்கானுக்கு 1.1 போதும். அலைநீளம் கூடக் கூட ஒளியின் சத்து குறையும்; 650 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியில் அவ்வளவு சத்து கிடையாது.

சரி, எழுப்பிவிட்டால் மின்சாரம் வந்துவிடுமா? சிலிக்கானில் வரும். கரிமப் பொருளில் எலக்ட்ரானும் அது விட்டுவந்த துளையும் ஒன்றையொன்று விடாமல் ஜோடியாகவே அலையும். எக்ஸிட்டான் என்பது இந்த ஜோடிதான். சுமார் 10 நானோமீட்டர் நகர்வதற்குள் பிரிக்காவிட்டால் இரண்டும் மறுபடி சேர்ந்துவிடும், வந்த ஒளி வீண். பிரிக்க வேண்டுமானால், எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் பிசிபிஎம் போன்ற மூலக்கூறு பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் எல்லைக்கு அருகில் மட்டுமே வேலை நடக்கும். ஆகவே சோற்றையும் குழம்பையும் பிசைவதுபோல இரண்டையும் கலந்தே பூசுகிறார்கள். 1995-ல் இந்த வழியைக் காட்டியவர்களில், 2000-ல் வேதியியல் நோபல் பெற்ற ஆலன் ஹீகரின் குழுவும் உண்டு.

பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் கே.எஸ். நாராயண் குழு இத்தகைய பாலிமர் உணரிகளில் நெடுநாளாக வேலை செய்திருக்கிறது. ஆய்வகங்களில் வழக்கமான செய்முறை இதுதான்: மின்கடத்தும் கண்ணாடியில் இந்தக் கலவையின் ஆரஞ்சு நிறக் கரைசலைச் சொட்டி வேகமாகச் சுழற்றுவார்கள். காயக் காய அது கருஞ்சிவப்பாகி, கத்திரிப்பூ நிறத்துக்குப் போகும். பாலிமர் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதன் அடையாளம் அந்த நிறமாற்றம். அப்புறம் 150 டிகிரி வாக்கில் சூடாக்கி, மேலே அலுமினியம் படியவைத்தால் முடிந்தது. காற்றும் ஈரமும் இதற்கு ஆகாது. மூடி ஒட்டாவிட்டால் சீக்கிரமே சோர்ந்துவிடும்.

கரிம உணரி மலிவு என்பார்கள். அதை மட்டும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் "அண்ணே, எல்.டி.ஆர். இருக்கா?" என்று தமிழிலேயே கேட்டு, சில ரூபாயில் ஓர் ஒளி உணரி வாங்கிவிடலாம். அதில் இருப்பது நச்சான காட்மியம், வேகமும் குறைவு. ஆனால் தெருவிளக்கை ஏற்றி அணைக்க அது போதும். அந்த இடத்தில் கரிம உணரிக்கு வேலையில்லை என்பேன். பி3எச்டி கிராம் கணக்கில் மலிவான சரக்கும் அல்ல. ஆனால் படலத்தின் தடிமன் 200 நானோமீட்டர்தான். சேதாரம் போக, ஒரு சதுர மீட்டருக்குக் கால் கிராம் கலவை போதும். சிலிக்கானைப் போல ஆயிரம் டிகிரி உலையும் வேண்டாம், பிளாஸ்டிக் தாளிலேயே அச்சடிக்கலாம். பரப்பு பெரிதாகப் பெரிதாகத்தான் லாபம் தெரியும். உதாரணம், பெரிய பரப்பு தேவைப்படும் டிஜிட்டல் எக்ஸ்-ரே தகடு: அதிலுள்ள சீசியம் அயோடைடு எக்ஸ் கதிரை வாங்கி, 550 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியாக விடுகிறது. பி3எச்டி நன்றாக விழுங்குவதும் அந்த ஒளியைத்தான்.